பெட்டி பிரிக்காத பட்டை

என் தம்பி இஸ்ஸாத் கடைசியாக என்னோடு உட்கார்ந்து கேட்டது, காபியில் போட்டுக்கொள்ளப் பாலாடைக்கட்டி மிச்சம் இருக்கிறதா என்பதுதான். ஒரு துண்டு இருந்தது. பாதியாக வெட்டி வைத்தேன். அவன் இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டான். மார்ச் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. காற்றே இல்லாத காலை.

ரிஸ்தென், நேற்று அவன் மான் பிடிக்கும் சுருக்குக் கயிற்றை வாங்கிப்போக வந்தாய். கொட்டகையில் மான்தோல்களை நகர்த்தியபோது அந்தப் பெட்டியைப் பார்த்தாய். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாய், தேதி உட்பட. பிறகு தோல்களை மறுபடி அதன் மேல் போட்டுவிட்டு, கயிற்றோடு போய்விட்டாய். எதுவும் கேட்கவில்லை. நம் ஆட்கள் கேட்பதில்லை. ஒருவனிடம் எத்தனை மான் என்று கேட்பதில்லை. எப்போது வந்து சேருவாய் என்றும் கேட்பதில்லை. நீ கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

பனிவண்டியின் அடியில் சுழன்று அதை ஓட்டும் ரப்பர்ப் பட்டையை எப்போது மாற்றுவது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பட்டையைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பனியைக் கவ்வும் ரப்பர்ப் பற்கள் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் வழுக்கும், ஆனாலும் ஓட்டலாம். ஓரத்தில் நூல் தெரிந்தால் யோசிக்க வேண்டும். உள்ளே குறுக்காகப் போகும் கம்பிகளில் ஒன்று ஒடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு ஒடிந்தால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். மான் மேய்க்கும் நம் கூட்டத்தின் எல்லா வண்டிகளுக்கும் முப்பது வருடமாக இதை நான்தான் சொல்லிவருகிறேன். ஓடும் என்று நான் சொன்னால் யாரும் மறுபடி குனிந்து பார்ப்பதில்லை.

இஸ்ஸாத்தின் பட்டையில் அடுத்தடுத்து மூன்று ஒடிந்திருந்தன. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் பிரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோப்பையோடு வந்து பின்னால் நின்றான்.

“என்ன அண்ணே, நாடி பிடிச்சாச்சா? பிழைக்குமா?”

“பிழைக்கும்.”

“புதுசு இன்னும் வரலையா? சொல்லி மூணு வாரமாச்சே.”

“கடையில கேட்டேன். அடுத்த வாரமாம்.”

“அப்ப இதோடயே போயிடறேன். வந்ததும் நீயே அங்க கொண்டாந்து குடு. அதுக்குள்ள என் முகவரியும் மாறிடும்.” பிறகு சிரித்தான். “பட்டையை இப்படித் தடவுற கைக்கு ஒரு பொண்ணு கெடச்சிருந்தா, இந்நேரம் வீடு நெறையப் புள்ளைங்க இருந்திருக்கும்.”

“வாயை மூடிக்கிட்டு சுமையை ஏத்துடா” என்றேன்.

புதுப் பட்டை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கடையிலிருந்து கொண்டுவந்து தோல்களுக்கு அடியில் வைத்தது நான்தான். கத்தி எதையும் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதையும் அறுக்கவில்லை, எந்தத் திருகையும் தளர்த்தவில்லை. பிழைக்கும் என்று ஒரு சொல் சொன்னேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு பதினெட்டு வருடம் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நிறையப் பேசிக்கொண்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த அறையில் ஒருவன் இருமுவது பேச்சைவிட மேலானது. உன்னோடு வாழ உன் வீட்டுக்கே போய்விடுவதற்காக அவன் சாமான்களைக் கட்டிவைத்த நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பழகப் பார்த்தேன். முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் அவன் இருந்தால் பழகிவிடும் என்று தோன்றியது. ஒரு வாரத்துக்கு மேல் நான் ஆசைப்படவில்லை. அதன் பிறகு வேறு ஏதாவது தோன்றியிருக்கலாம்.

உன் வீடு எண்பத்தைந்து கிலோமீட்டர். பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் சுமை அதிகம். இறுகிக் கிடக்கும் பனி ரப்பரைத் தின்னும். பதினைந்தாவது கிலோமீட்டரில், நீள ஏரிக்குப் பக்கத்தில் பட்டை அறுந்துவிடும் என்று கணித்தேன். அங்கிருந்து காலில் மாட்டும் சறுக்குக் கட்டைகளில் மதியத்துக்குள் வீடு திரும்பலாம். திட்டிக்கொண்டே கதவைத் தள்ளுவான். அவனுக்காக மானிறைச்சியை வேகவைத்து மூடி வைத்திருந்தேன்.

மதியம் போயிற்று. மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. ஐந்து மணிக்கு ஜன்னலிலிருந்து கொட்டகை தெரியவில்லை. ஆறு மணிக்கு நீ போனில் கூப்பிட்டாய்.

“மாமா, கேக்கக் கூடாதுதான். அவரு கிளம்பிட்டாரா?”

“இல்லம்மா. வானத்தைப் பாத்துட்டு, நாளைக்குப் போலாம்னு படுத்துட்டான்.”

“அப்பாடா. எழுப்பாதீங்க மாமா, தூங்கட்டும். போன்ல குறட்டை கேக்குதான்னு பாத்தேன்.”

“கதவு மூடியிருக்கும்மா.”

நீ சிரித்தாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிளம்பிவிட்டான் என்றால் உன் அண்ணன்மார் அந்தப் பக்கமிருந்து வண்டிகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவனைக் கண்டுபிடித்து உன் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவனோ என்னை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான் என்று நான் நம்பினேன். பாதி வழி திரும்பி வந்தவனை இன்னொருவர் தூக்கிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதன்கிழமையும் நீ கூப்பிட்டாய். இன்னும் காற்று அடிக்கிறது, சீட்டாடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. வியாழன் காலை காற்று நின்றது. இப்போதுதான் புறப்பட்டான் என்றேன். இரவாகியும் வராததால் நீ ஆட்களைக் கூப்பிட்டாய். வெள்ளி மதியம் உன் அப்பா அவனைக் கண்டெடுத்தார்.

அறுபத்தொன்றாவது கிலோமீட்டர். அங்கிருந்து உன் வீடு இருபத்து நான்கு. செவ்வாய் மாலை உன் அண்ணன்மார் கிளம்பியிருந்தால், காற்றில் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அன்றிரவே அவனிடம் போயிருப்பார்கள். பனியில் குழி தோண்டி, சறுக்குவண்டியின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிளந்து எரித்திருக்கிறான். அவ்வளவு பலகையும் ஒரே இரவில் எரிகிற பலகை இல்லை. வண்டியின் மேல் ஆளுயரத்துக்குப் பனி மூடியிருந்தது. காற்று நின்ற பிறகு கிளம்பியவனின் வண்டியில் அவ்வளவு பனி சேராது. உன் அப்பா அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவரும் கேட்கவில்லை.

தேய்ந்த பட்டை அறுந்ததால் நேர்ந்த விபத்து என்று காவல்துறையில் எழுதிக்கொண்டார்கள். அதில் தவறு இல்லை. மூன்று கம்பி ஒடிந்த பட்டை அறுபத்தொரு கிலோமீட்டர் தாங்கும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. முப்பது வருடத்தில் என் கணிப்பு பிழையாய்ப்போனது அந்த ஒரு பட்டையில்தான். பதினைந்தில் அறுந்திருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பான். ஆறு மாதமாக நான் என்னை நொந்துகொள்வது அதற்காகத்தான்.

நீ போன பிறகு தோல்களை விலக்கிப் பார்த்தேன். பெட்டி வந்தபடியே இருக்கிறது. சீட்டில் அவன் பெயர். அதற்குக் கீழே, இந்த வீட்டு முகவரி.