பதினாலாம் கட்டம் பார்த்தாச்சு

இந்தச் செயலி நல்ல செயலிதான். பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இந்தப் பக்கத்தில் போட்டிருப்பதால் எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சேரன். வயது ஐம்பத்து மூன்று. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. மனைவி அம்சவல்லி தவறிப்போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் சுடர்விழி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். பேசும்போதே அந்தப் பக்கம் ஏதோ டைப் அடிக்கும் சத்தம் கேட்கும்.

எங்கள் வாய்க்காலில் பாசனம் செய்கிற முப்பத்தொரு பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தண்ணீர் எப்போது வரும் என்ற தகவல் காணாமல் போய்விடும். சுடர்விழிதான் இந்தச் செயலியைச் சொன்னாள். “எங்க ஆபீஸே இதுலதான்ப்பா ஓடுது. சும்மா போட்டுப் பாருங்க.”

வீடு வீடாகப் போய் எல்லோர் போனிலும் நானே ஏற்றிக் கொடுத்தேன். மதகு திறந்துவிடுகிற லஸ்கர் மீரா சாகிப்பையும் சேர்த்தேன். அந்த ஒரு வாரம் நன்றாக இருந்தது. போன வீட்டிலெல்லாம் உட்காரச் சொன்னார்கள்.

இதில் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். இரண்டு வாரத்தில் எல்லோரும் பழைய குழுவுக்கே திரும்பிவிட்டார்கள். நான் தினமும் திறந்து பார்ப்பேன். ஒரே ஒரு புள்ளி இருக்கும். அது நான்.

ஏப்ரலில் ராமாயி அக்கா காணாமல் போனார். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அறிவுச்செல்வனின் அம்மா. சொந்த அக்கா இல்லை, முறைக்கு அக்கா. இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிவிட்டது. பிறந்த ஊரான திருவாரூருக்குப் பஸ் ஏறவேண்டும் என்று கிளம்பிவிடுவார். அன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தச் செயலியில் ஊர் மேப்பை எடுத்து இருபத்திரண்டு கட்டமாகப் பிரித்து, யார் எங்கே தேடுவது என்று போட்டேன். தேடி முடித்த கட்டத்துக்கு ‘பார்த்தாச்சு’ என்று டிக் போடவேண்டும். ஒரு மணி நேரத்தில் இருபத்தாறு பச்சைப் புள்ளி. மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த அக்காவை மருதையன் அண்ணன் கூட்டிவந்தார்.

எல்லோரும் என் வீட்டு வாசலில்தான் கூடினார்கள்.

“என்னடா சேரா, ஊரையே கட்டம் போட்டு தாயம் ஆடிட்ட” என்றார் மருதையன் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அறிவுச்செல்வன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் இல்லன்னா என்னா ஆயிருக்கும் மாமா” என்றார். டீ கொடுக்கலாம் என்று பார்த்தால் வீட்டில் இரண்டு டம்ளர்தான் இருந்தது. அது எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மறுநாள் மன்னார்குடிக்குப் போய் ஒரு டஜன் வாங்கிவந்தேன்.

டம்ளர் அலமாரியில் இருந்தது. யாரும் வரவில்லை. செயலியில் என் புள்ளி மட்டும்.

மே மாதம் ராமாயி அக்கா மறுபடியும் காணாமல் போனார். அந்த முறை கூட்டிப்போனது நான். மூடிக்கிடக்கிற ரைஸ் மில்லுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் உட்காரவைத்தேன். நிழல் இருந்தது. தண்ணீர் பாட்டில், பன் எல்லாம் கொடுத்தேன். அவருக்கு ஒரு கஷ்டமும் வைக்கவில்லை. என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டார். “ஏன்டா எளச்சிட்ட? ஒம் பொண்டாட்டி சோறு போடலையா?” என்று கேட்டார். அப்படி என்னை யாரும் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஆனால் இருபது நிமிடத்தில் அவராகவே எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார். கட்டம் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாலு பேர்தான் டீ குடித்தார்கள்.

அடுத்தது ஜூன் கடைசியில். மேட்டூர் திறந்து இரண்டு வாரம் ஆகியும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. காய்ந்த மணல்தான். ரோட்டைக் கடக்கிற சின்னப் பாலத்துக்கு அடியில் நல்ல குளிர்ச்சி. மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

“தம்பி, பஸ்ஸு வந்துருமா?”

“வரும்க்கா. இங்கயே இருங்க. நான் வந்து கூப்புடுறேன்.”

“நீயும் வாடா. ஒத்தையா போனா அம்மா திட்டும்.”

“வர்றேன்க்கா.”

மூன்று மணிக்கு அறிவுச்செல்வன் ஓடிவந்தார். கட்டம் பிரித்துக் கொடுத்தேன். பாலம் இருப்பது பதினாலாம் கட்டம். அதை என் பெயரில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து டிக் போட்டேன். சாயங்காலம் வரை போகட்டும், அப்புறம் நானே கண்டுபிடித்துக் கூட்டிவரலாம் என்றுதான் இருந்தேன்.

நாலேகாலுக்கு மீரா சாகிப் குழுவில் போட்டார். ‘உங்க வாய்க்காலுக்குத் திறந்தாச்சு. முக்கால் மணி நேரத்துல வந்துரும்.’ அப்போது என் வீட்டுக் கூடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். வெயிலில் அலைந்து வந்தவர்கள். புது டம்ளர் சரியாக இருந்தது, எனக்கும் சேர்த்து.

அறிவுச்செல்வன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்கவில்லை. “வாய்க்கா பக்கம் பாத்தாச்சுல்ல?” என்றார்.

“மேப்புல டிக் இருக்குடா” என்றார் மருதையன் அண்ணன். “சேரன் போட்ட மேப்பு சரியாத்தான் இருக்கும். குடி மொதல்ல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், “பாத்தாச்சு” என்றேன்.

டிக்கை எடுத்துவிடலாம் என்று யோசிக்காமல் இல்லை. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். புதுத் தண்ணீர் முதலில் கணுக்கால் அளவுதான் வரும், ஈரம் பட்டால் எழுந்து வந்துவிடுவார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது டீ போட்டேன். அதைக் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று எல்லோரையும் பிடித்து உட்காரவைத்தேன்.

பாலத்தில் தண்ணீர் வெளியேறுகிற பக்கத்தில் சருகும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்ததில் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. ஆறு மணிக்கு அறிவுச்செல்வன்தான் பார்த்தார். முந்தானை பாலத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டதால் எழுந்திருக்க முடியவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மாட்டிக்கொள்ளவில்லை. மே மாதம் மாதிரி எழுந்து வந்துவிடக் கூடாதே என்று நான்தான் முடிந்துவைத்தேன். இரண்டு முடிச்சு. லேசாகத்தான் போட்டேன்.

காரியம் வரைக்கும் குழுவில் எல்லோரும் இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியாகக் குறைந்தது. இப்போது இரண்டு புள்ளி வருகிறது. ஒன்று நான், இன்னொன்று அறிவுச்செல்வன். தினமும் சாயங்காலம் அந்த மேப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பார் போலிருக்கிறது. நானும் திறந்து வைத்துக்கொண்டிருப்பேன்.

இன்று மத்தியானம் எழுதினார். ‘மாமா, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாங்க. அந்தப் பதினாலாம் கட்டத்துக்கு யாரு டிக் போட்டதுன்னு பாத்துக் குடுங்க. அன்னிக்கு யார் யாருக்கு எதுன்னே எனக்கு ஓடல. எனக்கு அது தெரிஞ்சாவணும்.’

மேப்பில் பார்த்தால் டிக் மட்டும்தான் தெரியும். கட்டத்தை இரண்டு நொடி விரலால் அழுத்தினால் போதும், பெயரும் நேரமும் வந்துவிடும். இந்த வசதியை நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. நிர்வாகி என்பதால் குழுவையே அழித்துவிடவும் என்னால் முடியும். அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும். அழிக்கிற பட்டன் வரை போனேன். அழித்தால் அந்த இரண்டாவது புள்ளியும் போய்விடும். விட்டுவிட்டேன்.

ஏழரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மீன் குழம்பு வைக்கச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். வெள்ளை வேட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். பெயரைக் கட்டாயம் காட்டிவிடுவேன். சாப்பிட்ட பிறகு காட்டலாம் என்று இருக்கிறேன்.