மதினி பக்கத்துக்குக் களிமண்

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கோம்மா, இன்ஸ்பெக்டரம்மா. இந்த ஃபேன் சத்தத்தில் என் குரல் உனக்குக் கேட்காது. ஒரு கரையான் கதை சொல்கிறேன். டீ ஆறுகிறது பார், குடித்துக்கொண்டே கேள்.

எங்கள் அப்பாவுக்கு ராயபுரத்தில் மரக்கடை. பலகையை வெறும் மண்ணில் வைக்கவே மாட்டோம், பருமணல் பரப்பித்தான் அடுக்குவோம். அந்த மணல் கரையான் வாய்க்குப் பெரிசு, கவ்வித் தூக்க முடியாது. இடுக்கோ அதன் உடம்புக்குச் சிறிசு, நுழையவும் முடியாது. ஈரக் களிமண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். தோண்டின வழி இடியாமல் நிற்கும், நேரே சாப்பாட்டுக்குப் போய்விடும்.

கொருக்குப்பேட்டையில் மர உத்தரம் போட்ட எங்கள் பழைய வீடு ஒன்று, பங்கு இரண்டு. ஒரு பாதி எனக்கு. மறு பாதி, செத்துப்போன அண்ணனின் மனைவி ராமசெல்விக்கு. இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம் என்று கெஞ்சினேன்.

"உங்கண்ணன் உசுரு போன வீடு, செல்லக்கனி. என் உசுரும் இங்கதான் போவும்" என்றார் மதினி.

நானா சொன்னேன்?

ரோடு போடப் போட எங்கள் தெருவில் வீடெல்லாம் பள்ளமாகிவிடும். மண் கொட்டித் தரையை உயர்த்துவோம். மதினி பக்கத்தையும் என் செலவிலேயே உயர்த்தினேன். தெருவே மெச்சியது. கொத்தனார் கிருஷ்ணப்பன் மட்டும் முணுமுணுத்தான்.

"இன்னாமா இது, உன் பக்கம் பருமணலு, அந்தாண்ட களிமண்ணா? கரையான் செல்லு ஏறி உத்தரத்தையே துன்னுடும்மா."

"வயசானவங்க, தரை குளுகுளுன்னு இருக்கட்டும்ப்பா" என்றேன்.

சில மழைக்காலம் போனது. எனக்கு அவசரமில்லை. சுவரில் கரையான் மண்தடம் ஏறியபோதெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் நானே வெள்ளையடித்துக் கொடுத்தேன். எந்த நாத்தனார் இப்படிச் செய்வாள் என்று அதற்கும் மெச்சினார்கள்.

போன மழையில் மதினி கூப்பிட்டார். "மேலேருந்து பொடி கொட்டுதுடி, வந்து பாரேன்."

"சுண்ணாம்புதான் மதினி. கட்டிலை நகர்த்தாதீங்க, அங்கதான் காத்து வரும்."

மறுநாள் மத்தியானம், அவர் கண்ணயர்ந்த நேரம், உத்தரம் கட்டில்மேலேயே இறங்கியது.

எழுதிக்கோம்மா. களிமண் கொட்டச் சொன்னது நான். கட்டிலை அங்கேயே போட வைத்ததும் நான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் பிடிவாதம் என்னுடையது இல்லை, அதையும் எழுது.

நீ பிள்ளைகுட்டியோடு நல்லா இரு தாயி. உன் வீட்டில் சொத்துத் தகராறே வராமல் இருக்கட்டும். வந்தாலும், உன் மதினி விட்டுக்கொடுக்கிற மனுஷியாக இருக்கட்டும்.