சும்மா இருக்கும் குழு

நர்ஸ்: மறுபடியும் கேக்கறேன். நடக்கறீங்களா?

லிஃப்ட்காரர்: இல்ல சிஸ்டர்.

நர்ஸ்: சாப்பாட்டைக் குறைச்சீங்களா?

லிஃப்ட்காரர்: அதுக்கும் அதே பதில்தான். நாள் பூரா லிஃப்ட்ல மேலயும் கீழயும் போறேன். ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டே.

நர்ஸ்: அப்புறம் லெப்டின் எப்படி இறங்குச்சு?

லிஃப்ட்காரர்: யாரு இறங்கினது?

நர்ஸ்: லெப்டின். உடம்புல இருக்கற கொழுப்பு அனுப்பற ஹார்மோன். 'போதும், சாப்பிடறதை நிறுத்து'ன்னு மூளைக்குச் சொல்றது. கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும். ரொம்பக் கூடிட்டா மூளை காதுலயே வாங்காது.

லிஃப்ட்காரர்: சொல்றது ஜாஸ்தியானா கேக்கறது நின்னுடும்... புரியுது. வீட்ல பழக்கம்.

நர்ஸ்: மூணு மாசத்துல உங்களுக்கு லெப்டின் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. இடுப்பும் ரெண்டு இஞ்ச் போயிருக்கு.

லிஃப்ட்காரர்: நல்லதுதானே?

நர்ஸ்: உங்களுக்கு. எங்க ஆராய்ச்சிக்கு இல்ல. ஒரு குழு சாப்பாட்டைக் குறைச்சு நடக்கணும். இன்னொரு குழு எப்பவும் போல இருக்கணும். அப்பதானே ஒப்பிட முடியும்? உங்களைச் சும்மா இருக்கச் சொல்லியிருந்தோம்.

லிஃப்ட்காரர்: சும்மாதான்...

நர்ஸ்: ரத்தம் வேற சொல்லுது. உங்க பேரை அடிக்கப் போறேன்.

லிஃப்ட்காரர்: ஒரு நிமிஷம். பேனாவைக் கீழ வைங்க.

நர்ஸ்: வச்சாச்சு.

லிஃப்ட்காரர்: சாயந்திரம் டியூட்டி முடிஞ்சு ஒரு பேக்கரி வரைக்கும் போவேன்.

நர்ஸ்: எவ்வளவு தூரம்?

லிஃப்ட்காரர்: போக நாப்பது நிமிஷம்.

நர்ஸ்: வர?

லிஃப்ட்காரர்: அதே ரோடுதானே சிஸ்டர்.

நர்ஸ்: பக்கத்துல பேக்கரி இல்லயா?

லிஃப்ட்காரர்: மூணு இருக்கு.

நர்ஸ்: அங்க போய் என்ன வாங்குவீங்க?

லிஃப்ட்காரர்: பன் என்ன விலைன்னு கேட்பேன்.

நர்ஸ்: வாங்க மாட்டீங்க.

லிஃப்ட்காரர்: சாப்பாடு மாறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

நர்ஸ்: அண்ணே.

லிஃப்ட்காரர்: ...அந்த பேக்கரிக்கு எதிர் வீடு என் சம்சாரத்தோட அக்கா வீடு. மூணு மாசமா அவ அங்கதான்.

நர்ஸ்: சண்டையா?

லிஃப்ட்காரர்: எல்லாம் உங்களாலதான். ரெண்டு பேரும் ஒண்ணாதான் பேரு கொடுத்தோம். சீட்டுக் குலுக்கினதுல அவ நடக்கற குழு, நான் சும்மா இருக்கற குழு. 'தனியா நடக்க ஒரு மாதிரி இருக்கு, கூட வாங்க'ன்னா. நான் உங்க விதிமுறைக் காகிதத்தைக் காட்டினேன்.

நர்ஸ்: காட்டி?

லிஃப்ட்காரர்: ஆறாவது விதியை வாசிச்சேன். ரெண்டு தடவை.

நர்ஸ்: அவங்க?

லிஃப்ட்காரர்: 'அந்தக் காகிதத்தோடயே குடும்பம் நடத்துங்க'ன்னு பையை எடுத்துக்கிட்டா.

நர்ஸ்: அவ்வளவு தூரம் போறவர் உள்ள போய்க் கூப்பிட வேண்டியதுதானே?

லிஃப்ட்காரர்: கால் பேக்கரியோட நின்னுடுது. மாசாமாசம் ரத்தம் கொடுக்க இங்க வருவா. வெளிய அந்த பெஞ்சுல பக்கத்துல உக்காருவா. பேச மாட்டா... ஆனா உக்காருவா. பேரை அடிச்சீங்கன்னா அதுவும் போச்சு.

நர்ஸ்: இன்னிக்கு அவங்க வரலையே, கவனிச்சீங்களா?

லிஃப்ட்காரர்: அதான் வந்ததுலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டிருக்கேன்.

நர்ஸ்: வர மாட்டாங்க. அவங்க பேரைப் போன வாரமே அடிச்சாச்சு.

லிஃப்ட்காரர்: எதுக்கு? அவ சொன்னா சொன்னபடி நடக்கறவளாச்சே.

நர்ஸ்: சாயந்திரம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நடக்கச் சொன்னோம். கையில கட்டின வாட்ச்ல அந்த நேரத்துக்கு ஒரு அடி கூடப் பதிவாகல. கூப்பிட்டுக் கேட்டேன். 'அந்த நேரத்துலதான் எதிர் பேக்கரியில ஒருத்தர் வந்து நிப்பார் சிஸ்டர். அவர் திரும்பிப் போற வரைக்கும் நான் எப்படி ஜன்னலை விட்டு நகர்றது'ன்னாங்க.