புதினாப் பாத்தி

புதினாவை மட்டும் தரையில் நடாதீர்கள் என்று, என் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். வேர் ஓடி, பத்தே மாதத்தில் பாத்தியை விழுங்கிவிடும். மற்ற மூலிகைகள் அப்படியில்லை. தக்காளிக்குத் துணையாகத் துளசி, கத்தரிக்குச் செண்டுமல்லி, வெண்டை ஓரத்தில் ஓமவல்லி. வாசனைக்கே பூச்சி விலகிப் போகும். எதையும் கொல்ல வேண்டியதில்லை.

செவிலிமேட்டில் இந்த முப்பது சென்ட் எனக்கும் தம்பி ஜினேஷுக்கும் பொது. நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். எறும்பு மிதிபடக் கூடாதென்று தோட்டத்து வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். அது நான் வைத்த விதி. தம்பி ஒருநாளும் மீறியதில்லை.

போன ஆடியில் வெள்ளை ஈ வந்தது. துளசிக்கு அடங்கவில்லை. ஜினேஷ் பூச்சிமருந்தும் ஸ்பிரேயரும் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை அடிக்கப்போவதாகச் சொன்னான். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"பூச்சிக்குப் பாவம் பாத்துக்கினு இருந்தா நாம இன்னாத்த சாப்பிடறதுண்ணா?" என்று சிரித்தான்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எத்தனை ஆயிரம் உயிர், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

புதினாவுக்குள் ஒரு கண்ணாடி விரியன் குடியிருந்தது. ஈரத்துக்குத் தவளை வந்தது, தவளைக்கு அது வந்தது. மூன்று வாரமாகப் பார்த்துவந்தேன். சொன்னால் அடித்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம், துவையலுக்குப் புதினா கிள்ளி வரும்படி தம்பியிடம் சொன்னேன். நுனி வேண்டாம், கையை உள்ளே விட்டு அடித்தண்டோடு பறி என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவன் பாத்தி ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"உள்ள ஏதாச்சும் இருக்குதாண்ணா?"

"ஒண்ணும் இல்லப்பா, போ."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். பாம்பை அடிக்கத் தெருவே தடியோடு வந்தது. நான் குறுக்கே நின்று, பிடிக்கத் தெரிந்தவரை வரவழைத்து, பாலாற்றுப் பக்கம் விடச்செய்தேன். தம்பியைக் கொன்றதையே மன்னித்தவர் என்று என்னைப் பற்றி உருகிப் பேசினார்கள். பூச்சிமருந்து இன்னும் பிரிக்காமலே இருக்கிறது.

அவன் மனைவி மோனிஷா சாயங்காலங்களில் வந்து நிற்கிறாள். "இருட்டுற நேரத்துல அவரு எதுக்கு மாமா அங்க போனாரு?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

அவள் போன பிறகு, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. அவன் செருப்புதான் விட்ட இடத்திலேயே கிடக்கிறது. எடுத்துப் போடவும் வழியில்லை. அடியில் எறும்பு கூடு வைத்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது.

ஒன்றும் இல்லை என்று அவனிடம் சொன்னது பொய். அதற்காக மாதம் ஒருநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கிறேன். இந்தப் பிறவியில் நான் செய்த பாவம் அது ஒன்றுதான்.