களவு போகாத பெட்டி

என் பெயர் ஜோதிமணி, வயது 28, த/பெ பெரியதம்பி. சொந்த ஊர் ஊத்தங்கரை வட்டம் சிங்காரப்பேட்டை. தற்போது ஒசூர் அருகே தொரப்பள்ளியில் வாடகை வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். கிருஷ்ணகிரியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடமாகக் கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் புரொஜெக்டர், மைக் செட் முதலியவற்றை அமைத்துக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாகச் செய்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. ஆஞ்சப்பன் என்பவரைத் திருட்டுச் சந்தேகத்தில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, இன்று 23.8.2008 சனிக்கிழமை காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். பிறகு போலீசாருடன் கல்லூரிக்குப் போய்த் திரும்பி, உதவி ஆய்வாளர் முன்பாக இதைச் சொல்கிறேன்.

பாகலூர் சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முந்நூற்று இருபது பேர் உட்காரும் பெரிய வகுப்பறை ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். சினிமா தியேட்டர் மாதிரி படிப்படியாக ஏறும் இருக்கைகள். அந்த அறையில் கம்பியில்லாமல் படம் காட்டும் வசதியை அமைத்தது நான்தான். அதாவது, பேசுகிறவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து கேபிள் சொருக வேண்டியதில்லை. கடைசி வரிசையில் இருப்பவர்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் லேப்டாப்பில் உள்ளதைத் திரையில் காட்டலாம். இதற்கென்று டிபன் பாக்ஸ் அளவில், இரண்டு கொம்பு வைத்த ஒரு பெட்டி உண்டு. லேப்டாப் அனுப்புவதை அந்தப் பெட்டி வாங்கி, ஒரு கேபிள் வழியாகப் புரொஜெக்டருக்குக் கொடுக்கும். பெட்டி இல்லையென்றால் படம் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதன்பேரில் உதவி ஆய்வாளர் அதன் கீழே கோடு போட்டுக்கொண்டார். ஒசூர் வட்டாரத்தில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. அதில் நான் ஒருத்தி, அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

மேற்படி பெட்டியை நான் முதலில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில், உயரத்தில்தான் மாட்டினேன். கடைசி வரிசை வரை படம் தெளிவாக வந்தது. அதன் பிறகு கல்லூரியின் ஸ்டோர் அதிகாரி சென்னகிருஷ்ணன் என்பவர், விலை உயர்ந்த சாமான் வெட்டவெளியில் இருக்கக் கூடாது என்று சொல்லி, மேடை ஓரத்தில் ஓர் இரும்பு பீரோவைக் கொண்டுவந்து போட்டு, கேபிள் நுழைவதற்காக அதன் முதுகில் கேஸ் கட்டரால் ஓட்டை போட்டு, பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். இரும்புக்குள் வைத்துப் பூட்டினால் பெட்டிக்கு ஒன்றும் எட்டாது. முதல் வரிசையிலிருந்து அனுப்பினாலே படம் விக்கி விக்கி வந்தது, நடு வரிசையிலிருந்து வரவே இல்லை. நான் போய் வெளியே எடுத்து வைப்பதும், நான் இந்தப் பக்கம் வந்ததும் அவர் மறுபடி பீரோவுக்குள் வைப்பதுமாக இது பல தடவை நடந்தது. கடைசியில் அவர் எல்லோர் முன்னிலையிலும், "நீ குடுத்ததே டூப்ளிகேட் சாமான்மா. இதுல பேச்சு வேற" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்த அறையைத் திறந்து மூடி, பெருக்கி, நாற்காலி மேசை போடும் வேலை ஆஞ்சப்பனுடையது. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளராகவே இருக்கிறார். வருகிற ஒன்றாம் தேதி அவருக்குப் பணி நிரந்தர ஆணை கொடுப்பதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். திருட்டு வழக்கு என்று ஒன்று பதிவானால் அந்த ஆணை கிடைக்காது, இருக்கிற வேலையும் போய்விடும். பீரோவின் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது.

கடந்த புதன்கிழமை மேற்படி அறையில் தொழிற்சாலை இன்ஜினியர்களுக்கான ஒருநாள் கருத்தரங்கம் இருந்தது. ஒவ்வொருவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தங்கள் படங்களைக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் நான் சரிபார்க்கப் போனபோது பெட்டி வழக்கம்போல பீரோவுக்குள் இருந்தது. சென்னகிருஷ்ணன் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தார். நான் ஆஞ்சப்பனிடம், "அண்ணா, பீரோவத் தொறந்து உடுங்க. படம் வரலன்னா நாளைக்கு என் மானம்தான் போவும்" என்றேன். அவர் மறுபேச்சு இல்லாமல் திறந்து, பெட்டியை என் கையில் கொடுத்து, வெறும் பீரோவைப் பூட்டிவிட்டு, பந்திக்கு மேசை போடச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் ஏணி வைத்து ஏறி, ஃபால்ஸ் சீலிங்கில் ஓர் அட்டையைத் தூக்கி, பெட்டியை அதற்கு மேலே புரொஜெக்டர் கம்பியோடு சேர்த்துக் கட்டி, கேபிளையும் மேலே இழுத்துக்கொண்டு, அட்டையை மூடினேன். அட்டை தடுக்காது, இரும்புதான் தடுக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து அனுப்பிப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

பெட்டி இருக்கும் இடத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பீரோவுக்குள் போய்விடும் என்பது ஒரு காரணம். கருத்தரங்கம் நன்றாக நடந்து முடிந்ததும் சென்னகிருஷ்ணனைக் கூட்டிப் போய், "பாருங்க சார், உங்க டூப்ளிகேட் சாமானு" என்று மேலே காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டது இன்னொரு காரணம். இதில் என் திமிரும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டியை மேலே கட்டிய செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நான் கர்நாடகத்தில் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில் இதே வேலைக்காகப் போய்விட்டேன். அத்திப்பள்ளி தாண்டினால் நம் ஊர் சிம்முக்கு ரோமிங் காசு பிடிக்கும் என்பதால், எல்லையில் பஸ் நிற்கும்போதே எல்லோரும் செய்வதுபோல நானும் சிம்மைக் கழற்றிக் கர்நாடகா சிம்மைப் போட்டுக்கொண்டேன். அந்த நம்பர் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அங்கேயே தங்கி வேலையை முடித்துவிட்டு, நேற்று மாலை திரும்பி வரும்போது எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியில் பழைய சிம்மை மாற்றிப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஆஞ்சப்பனின் மனைவி மாரம்மா. அவரும் அதே கல்லூரியில் துப்புரவு வேலை செய்கிறார். புரொஜெக்டர் சுவிட்சுப் பக்கத்தில் நான் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நம்பரை எடுத்ததாகவும், நேற்று முழுக்க முயன்றும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். "மேடம், எங்க ஊட்டுக்காரர ஸ்டேசன்ல ஒக்கார வெச்சிருக்காங்க. பொட்டி காணலயாம். நேத்துலருந்து அவரு ஒண்ணும் துன்னல" என்று சொல்லி அழுதார். அதற்குள் காசு தீர்ந்து போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அவர் கூப்பிடவில்லை.

இன்று காலை கடைகள் திறக்குமுன்பே நிலையத்துக்கு வந்துவிட்டேன். ஆஞ்சப்பன் எழுத்தர் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. கேட்டதற்குப் பல்வலி என்றார். அதன் பிறகு உதவி ஆய்வாளர் புகாரைச் சொன்னார். கருத்தரங்கம் முடிந்த மறுநாள் காலை சாமான்களைச் சரிபார்க்கச் சென்னகிருஷ்ணன் பீரோவைத் திறக்கச் சொல்ல, உள்ளே பெட்டி இல்லை. புதன்கிழமை மாலை வரை படம் அருமையாக வந்தது, ஆகவே மாலை வரை பெட்டி பீரோவுக்குள் இருந்திருக்கிறது, அதற்குப் பிறகுதான் போயிருக்கிறது, சாவி ஆஞ்சப்பனிடம், ஆகவே எடுத்தது ஆஞ்சப்பன் என்று புகாரில் இருந்தது. கேட்பதற்கு ரொம்பச் சரியாகத்தான் இருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அந்த அறையில் புரொஜெக்டரை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

நான், "கருத்தரங்கத்துக்கு முந்தின நாளே பெட்டிய எடுத்தது நான்தான் சார்" என்றேன். உதவி ஆய்வாளர் எழுந்தே விட்டார். "என்னம்மா சொல்ற? அந்தாளு உன் பேரையே எடுக்கலயே. கடைசியா யாரு தொட்டதுன்னு எத்தன வாட்டி கேட்டோம், யாரும் தொடலன்னே சொல்லிட்டிருந்தான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தரையில் இருந்த ஆஞ்சப்பன் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர், ஒரு காவலர், ஆஞ்சப்பன், நான் ஆகிய நால்வரும் ஜீப்பில் கல்லூரிக்குப் போனோம். சென்னகிருஷ்ணனும் வரவழைக்கப்பட்டார். என்னைக் கண்டதும் அவர், "இந்தம்மாவும் கூட்டா?" என்று கேட்டார். நான் கடைசி வரிசைக்கு ஏறிப் போய் உட்கார்ந்து, புரொஜெக்டரைப் போடச் சொல்லி, என் லேப்டாப்பைத் திறந்தேன். கைக்கு வந்த படத்தை அனுப்பினேன். அது எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் எடுத்தது. சுவர் அகலத்துக்குத் திரையில் அம்மன் வந்து நின்றாள். காவலர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டார். "திருட்டுப் போன பெட்டிதான் சார் இப்ப படம் காட்டிட்டிருக்குது" என்றேன். சென்னகிருஷ்ணன், படம் புரொஜெக்டரிலிருந்துதானே வருகிறது என்று தகராறு செய்தார். அதனால் ஏணி கொண்டுவரச் சொல்லி நானே ஏறி, அட்டையைத் தூக்கி, பெட்டியில் கேபிளைப் பிடுங்கினேன். அம்மன் மறைந்தாள். மறுபடி சொருகினேன், வந்தாள். இதை மூன்று முறை செய்தேன். ஒரு முறை போதும்தான், ஆனால் சென்னகிருஷ்ணன் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பிறகு உதவி ஆய்வாளரும் ஏணியில் ஏறி, பெட்டியில் இருந்த கல்லூரி முத்திரையையும் நம்பரையும் நேரில் பார்த்துக்கொண்டார். சென்னகிருஷ்ணன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு நான் ஆஞ்சப்பனைத் தனியாக அழைத்து, கோபமாகவே கேட்டேன். "ஏன்ணா, என் பேரச் சொல்லியிருந்தா என்னைத் தேடிப் புடிச்சிருப்பாங்க, நான் வந்து ஒரு நிமிசத்துல காட்டியிருப்பேன். எதுக்குண்ணா இப்படி வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தீங்க?" என்றேன். அவர், "வயசுப் புள்ள நீ. கண்ணாலம் காட்சி ஆவணும். போலீசு ஊட்டு வாசல்ல வந்து நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கம்மா" என்றார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. "தப்புப் பண்ணவதான் போலீசுக்குப் பயப்படணும். நான் எதுக்குப் பயப்படணும்?" என்றேன். அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிக்கொண்ட விதத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணா, பெட்டிய நான் திருடிட்டுப் போயிட்டேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே, "நெனச்சன்மா" என்றார். "பொட்டிய எடுத்தப்புறந்தான படம் நல்லா வந்துச்சு. அது வேண்டாத சாமானு போல, புள்ளைக்கு ஏதோ கஷ்டம், எடுத்துட்டுப் போயிருக்கும்னு இருந்துட்டன். என்னா இப்போ. நம்மூட்டுப் புள்ள எடுத்தா, போலீசுல புடிச்சா குடுப்போம்?" என்றார்.

நான் யோக்கியமானவள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஞ்சப்பனுக்குத் தெரியவில்லை. என்னைத் திருடி என்று நம்பிக்கொண்டே, அந்தத் திருடிக்காக இரண்டு நாள் தரையில் உட்கார்ந்திருக்கிறார், பதினோரு வருட வேலையையும் விடத் துணிந்திருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. எல்லோர் முன்பும் அழுதேன். இந்தப் பகுதி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, வேண்டாம் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். இதை எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

மேலே கண்டதெல்லாம் என் வாயால் நான் சொன்னது. யாருடைய மிரட்டலுக்கோ ஆசை வார்த்தைக்கோ சொன்னதல்ல. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, எல்லாம் சரியாக உள்ளது. என் ஊர், என் வீட்டு விலாசம், செல் நம்பர் ஆகிய மூன்றும் சரியானவை. எப்போது கூப்பிட்டாலும், எத்தனை தடவை கூப்பிட்டாலும், ஆஞ்சப்பனுக்காக இந்த வாசப்படி ஏறி வந்து இதையே சொல்வேன்.

(ஒப்பம்) பெ. ஜோதிமணி