ஹோண்டுராஸ் டீமுக்கு ஒரு பிராது

எழுபதுகளில் ஒரு திங்கட்கிழமை. விருத்தாசலத்திலிருந்து, குறையைப் பிராதாகச் சீட்டில் எழுதிக் கட்டினால் சாமி தீர்த்துவைக்கும் என்கிற மணவாளநல்லூர் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் பீங்கான் கம்பெனிப் பெண்கள் இருவர். இளையவளின் வளையலில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஹோண்டுராஸுல ஒரு ஃபுட்பால் டீமு தோக்கக் கூடாதுன்னு சாமிகிட்ட பிராது எழுதிக் கட்டப் போறேங்க்கா," என்றாள்.

நான் டிக்கெட்டைச் சுருட்டுவதை நிறுத்தினேன்.

"அது எங்கடி இருக்குது?" என்றாள் மூத்தவள்.

"அமெரிக்காவுக்குக் கீழ. எங்க அண்ணன் வேல பாக்குற கப்பலு வாழப்பழம் ஏத்தப் போற ஊரு. அங்க ஒரு பொண்ணு மேல அண்ணனுக்கு இஷ்டம். பொண்ணோட அப்பாதான் டீமுக்குக் கோச்சு. நாடு பூரா ஆடுற போட்டியில இந்த வருஷம் அவங்கதான் கடைசி. ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம் பாக்கி. தோத்தா அடுத்த வருஷம் பெரிய டீமுங்களோட ஆட முடியாதாம். மனுசன் சோறு எறங்காம கெடக்குறாரு. அவருகிட்ட இப்பப் போயி எப்புடிப் பொண்ணு கேக்கறது?"

"வேத்து சாதி, வேத்து பாஷை. உங்கம்மா ஒத்துக்குமா?"

"நாப்பது வயசுலயாவது அண்ணன் கட்டிக்கிறேன்னுச்சே, அது போதும்னு அம்மாதான் என்னை அனுப்பிச்சுது."

"பிராதுன்னா யாரு மேலன்னு எழுதணுமே."

"எதிர் டீமு மேலதான்."

"அவங்க மட்டும் அவங்க சாமிகிட்ட கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டுங்க்கா. இங்க வந்து பிராது கட்ட அவங்களுக்கு யாரு இருக்கா?"