ரொட்டிக்குத் தொட்டுக்க என்ன?

அன்று டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவன், மனைவி, பின்னால் நான். மகனைப் போலந்துக்கு அனுப்ப ஏஜெண்டிடம் பணம் கட்டப் போகிறார்கள்.

“அந்த ஏஜெண்டு போலந்துக்கே போனதில்லீங்க” என்றாள் அவள்.

“எப்புடிச் சொல்ற அம்மிணி?”

“அங்க காலையில என்ன திம்பாங்கன்னு நேத்து போன்ல கேட்டனுங்க. ரொட்டின்னான்.”

“ரொட்டிதான திம்பாங்க?”

“தொட்டுக்க என்னன்னு கேட்டேன். போனை வெச்சுட்டான்.”

“சிக்னல் போயிருக்கும்.”

“மறுபடி அடிச்சா எடுக்கலீங்களே! எங்க பனியன் கம்பெனிக்கு வந்த ஜப்பான்காரரை, உங்க ஊர்ல காலையில என்ன திம்பீங்கன்னு கேட்டதுக்கு, சோறு, மீனு, சூப்புன்னு கையாலயே காட்டினாரு. போலந்துல நாலு வருசம் இருந்தேன்னு சொல்றவனுக்குத் தெரியாதுங்களா?”



அவர்கள் இறங்க வேண்டிய காதர்பேட்டை வந்தது. கணவர் எழுந்திருக்கவில்லை.

“பையன் பாஸ்போர்ட் அந்த ஏஜெண்டுகிட்ட இருக்குதே.”

“எந்திரிங்க. மொதல்ல அதை வாங்கோணும். பணத்தைக் காட்டவே வேண்டாம்.”